இன்னொருவர் கையால்

தடை என்றால் தடைதான், அரைத் தடை கால் தடை என்று உலகத்தில் எங்கேயாவது உண்டா, விளையாடுவதற்குக் காசு வாங்கிய பெடியன் இரண்டு வருடம் வெளியே, காசு கொடுத்த பள்ளிக்கூடம் மூன்று வருடம் வெளியே, அவ்வளவுதானே கதை, இதற்கு எதற்கு ஒரு விசேஷக் கூட்டம், அதுவும் வெஸ்ட் ஈலிங்கில் இருக்கிற மனிதனை லண்டனின் மறுகோடிக்கு, குட்மேய்ஸுக்கு இழுத்து... வேண்டுமென்றே செய்த வேலை இது, அம்பலவாணன் வராமல் விடட்டும் என்றுதான் அங்கே மண்டபம் பிடித்திருப்பார்கள், அப்படித்தான் இருக்கும். ரயில் ஈலிங் பிராட்வேயைத் தாண்டியபோது அம்பலவாணன் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு வலது முழங்காலை மெல்ல நீட்டினார். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண் தன் பையைக் காலுக்குள் இழுத்துக்கொண்டாள், ஏன் இழுக்கிறாள், நான் என்ன எடுத்துக்கொண்டு ஓடவா போகிறேன்... சரி, அது அவளுடைய பிரச்சினை. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து லண்டனில் ஒவ்வொரு ஜூலையும் உதைபந்தாட்டப் போட்டி நடத்துகின்றன, அதன் ஒழுங்குக் குழுவுக்குத் தலைவர் அம்பலவாணன், ஒரு சட்டம் எழுதச் சொன்னார்கள், எழுதினார், இப்போது அதே சட்டத்தைக் கண்டு எல்லோரும் ஏன் இப்படி நெளிகிறார்கள்? மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

கனம் யாருடைய மடியில் என்பதும் அவருக்குத் தெரியும், புனித லூக்காஸ் கல்லூரிக்காரர், வேறு யார். போன வருடம் கிண்ணத்தை எடுத்தவர்கள், அந்த அணியில் மூன்று பெடியன்கள் பல்கலைக்கழக அணிகளில் ஆடுகிறவர்கள், அந்த மாதிரிக் கால் வைத்திருக்கிறவன் வெயிலில் காய்ந்து, நெருஞ்சி போலப் புல் குத்துகிற மைதானத்தில், அப்பா படித்த பள்ளிக்கூடம் என்ற ஒரே காரணத்துக்காகச் சும்மா வந்து ஆடுவானா, சோழியன் குடுமி சும்மா ஆடுமா? கேட்டால் லூக்காஸ் செயலாளர் கிறிஸ்துராஜா ஒளிக்கவுமில்லை, அதுதான் அம்பலவாணனுக்கு இன்னும் சந்தேகம், போன கூட்டத்தில் எழும்பி நின்று எவ்வளவு சாவதானமாகப் பேசினான். "அண்ணைமாரே, கொத்துரொட்டி வானுக்குக் காசு, நடுவருக்குக் காசு, படம் எடுக்கிறவருக்குக் காசு, மேளக்காரருக்கும் காசு. வேர்ஹவுஸ் ஷிப்டை விட்டிட்டு வந்து காலை முறிக்கிற பிள்ளையளுக்கு மட்டும் ஒரு போத்தல் தண்ணியும் கைதட்டும். அமெரிக்காவில யூனிவர்சிற்றியளே இப்ப விளையாடுற பிள்ளையளுக்கு நேரடியாக் குடுக்குது, கோர்ட்டே ஓமெண்டிட்டுது. நாங்களும் ஒளிச்சுக் குடுக்காமல், ஒரு உச்ச வரம்பு வைச்சு, ஆர் குடுத்தது ஆர் வாங்கினது எண்டு எல்லாற்றை பேரையும் சங்கத்தின்ர பலகையில போட்டுக் குடுப்பம்." பலகையில் போடுவதாம். பின்னால் இருந்து யாரோ கைதட்டினார்கள், யார் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் கைதட்டல் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துக்காக ஆடுவதற்கு விலை போட்டால் பிறகு அது பள்ளிக்கூடமா, சந்தையா? இன்றைக்கு உச்ச வரம்பு என்பான், நாளைக்கு வரம்பை உயர்த்துவோம் என்பான், நாளை மறுநாள் பணக்காரச் சங்கம் எதுவோ அதற்குத்தான் கிண்ணம்... அமெரிக்காவில் கோர்ட் சொன்னால் என்ன, அமெரிக்கன் ஆளைச் சுடுகிற துவக்கையும் வாழைக்குலை மாதிரிக் கடையில் வாங்குகிறான், அதையும் செய்வோமா?

அன்று அம்பலவாணன் எழும்பிச் சொன்ன பதில் ஒன்றே ஒன்று. "என்ரை மகன் தர்சிகன் லெஸ்டர் பக்கத்தில யூனிவர்சிற்றியில படிக்கிறான், யூனிவர்சிற்றி அணியின்ர நடு ஆட்டக்காரன். ஆலடி இந்துக் கல்லூரியை அவன் கண்ணாலயும் காணேல்லை. ஒவ்வொரு ஜூலையும் ரயிலேறி வந்து ஆலடிக்கு ஆடிப்போட்டுப் போறான். ஒரு சதம் வாங்குறேல்லை. ஏன்? அப்பன் படிச்ச பள்ளிக்கூடம். அதுக்குப் பேர் என்ன, கிறிஸ்துராஜா?" கிறிஸ்துராஜா அவரையே பார்த்துக்கொண்டிருந்தான், வாயடைத்துப்போனான் என்றுதான் அன்று நினைத்தார், ஆனால் அந்தப் பார்வை... அதில் ஏதோ இருந்தது, தோற்றவன் பார்வை இல்லை அது. பரிதாபமா? அவன் எதற்கு என்னைப் பார்த்துப் பரிதாபப்படவேண்டும்? ரயில் பாடிங்டனை நெருங்கி நிலத்துக்குக் கீழே இறங்கியது, ஜன்னல் கண்ணாடியில் வெளியே ஒன்றும் இல்லாமல் அவர் முகமே வந்து நின்றது, அவர் பார்வையை முழங்காலுக்குத் தாழ்த்திக்கொண்டார்.

முழங்காலில் காற்சட்டைக்கு உள்ளே ஒரு பட்டி, விளையாட்டுக்காரர் போடுகிற நல்ல பட்டி, போன ஜூலை தர்சிகன் வாங்கிவந்தது. ஆட்டம் முடிந்து காரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் இறக்கியபோது கிட் பையில் இருந்து எடுத்து சீட்டில் வைத்தான், "நீங்க நொண்டுறீங்க அப்பா, இதைப் போடுங்கோ" என்றான், பிறகு கதவைச் சாத்தப் போனவன் திரும்பக் குனிந்து "தேங்க்ஸ் அப்பா" என்றான். எதற்குத் தேங்க்ஸ்? சாமான் கொடுத்தவன் அவன், நன்றி சொன்னவனும் அவனா, இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குத் தேங்க்ஸும் சொரியும் தும்மல் மாதிரி வருகிறது என்று நினைத்து அதை அப்படியே விட்டுவிட்டார், ஆனால் விட்டுவிடவும் இல்லை, வருடம் ஒன்றாகப்போகிறது, பட்டியைக் கட்டுகிறபோதெல்லாம் அந்தத் தேங்க்ஸும் கூடவே வருகிறது. மற்ற நாட்களில் அவனும் அவரும் பேசுவதில்லை. பார்மசி படிக்கச் சொன்னார், இடமும் கிடைத்திருந்தது, அவன் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கப்போகிறேன் என்று குசினியில் வைத்துச் சொன்னான், பந்தடிக்கிறதற்கு ஒரு விஞ்ஞானமா, மனைவி கலாவதி இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பையோடு நின்றாள். அம்பலவாணன் அன்று குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் ஒருவேளை அவன் மறந்திருப்பான். "படி. ஆனால் என்ரை கையால ஒரு சதமும் தரமாட்டன்" என்றார். சொன்ன சொல் சொன்னதுதான், அடுத்த சித்திரை வருடப் பிறப்புக்கு அவன் வீட்டுக்கு வந்து குளித்து முழுகிக் பெரியவர் கையால் வாங்குகிற கைவிசேஷத்துக்கு நின்றபோதும் காசு வைத்த வெற்றிலையைக் கலாவதியின் கையில் கொடுத்துவிட்டுச் சுவாமி அறைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தச் சித்திரைக்கும் அவன் வரவில்லை. ஜூலைக்கு மட்டும் வந்தான். அதுதானே விசேஷம், வீட்டுக்கு வராதவன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான், பள்ளிக்கூடம் என்றால் யார், அப்பாதானே, வாய் திறந்து சொல்லத் தெரியாதவன் காலால் சொல்கிறான்... இதை நினைக்கும்போது அம்பலவாணனுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகும், யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார்.

கைப்பேசி அதிர்ந்தது, சண்முகராசா, ஆலடிச் சங்கத்தின் தலைவர், தன் பக்கத்து ஆள், இவர் ஏன் இப்போது? "அண்ணை, வந்துகொண்டிருக்கிறியளோ... இல்லை, ஒரு சின்ன விசயம், உங்கட தீர்மானத்தில, பழைய வருசங்களைக் கிண்டமாட்டம், இனிமேற்பட்டு நடக்கிறதுக்குத்தான் தடை எண்டு ஒரு வரி சேர்த்தால் என்ன?" ஏன் சேர்க்கவேண்டும் என்று கேட்டார். "சும்மாதான் அண்ணை... எல்லாரும் ஒண்டுக்குள்ள ஒண்டு, பகை வேண்டாமெண்டு." சும்மாவா? சண்முகராசா சும்மா தும்மக்கூட மாட்டார், பலசரக்குக் கடை வைத்திருக்கிற மனிதர், பழைய வருடங்களைக் கிண்டாதே என்றால் பழைய வருடங்களில் ஏதோ புதைத்திருக்கிறார்கள் என்றுதானே பொருள், அப்படியென்றால் லூக்காஸ் மட்டும் இல்லை, எங்கள் ஆலடியும்... யாருக்கு? கோல் காக்கிற பெடியனுக்கா, இடப்பக்கம் ஓடுகிற அந்த நெட்டையனுக்கா? காலையில் கலாவதியும் சப்பாத்து மாட்டுகிற நேரம் பார்த்து வந்து நின்று சொன்னாளே, "இஞ்சாருங்கோ, கூட்டத்தில கனக்கக் கதையாதேங்கோ, சண்முகராசா அண்ணை சொல்லுறதையும் ஒருக்காக் கேளுங்கோ." கலாவதிக்கும் உதைபந்துக்கும் என்ன சம்பந்தம், ஓஃப்சைட் என்றால் என்னவென்று கேட்டால் வெளிவாசல் என்பாள், அவள் எதற்குச் சண்முகராசாவுக்கு வக்கீல்? அவளும்தான் இரண்டு வருடமாக ஒரு மாதிரி, முதியோர் இல்லத்து வேலையில் சனிக்கிழமை ஷிப்டும் கேட்டு வாங்கியிருக்கிறாள், அந்தச் சம்பளம் எங்கே போகிறது என்று அவர் கேட்டதில்லை, ஊரில் இருக்கிற அவளுடைய தம்பிக்காரனுக்குத்தான் போகும் என்று தானே தீர்மானித்து, அதற்காக அந்தத் தம்பிக்காரனோடு போனில் பேசுவதையும் நிறுத்தியிருந்தார்.

வைட்சப்பலில் ரயில் மாறவேண்டும், இறங்கி அதே மேடையில் அடுத்த ரயிலுக்கு நின்றால் அங்கே, தூணோரம், கிறிஸ்துராஜா. ஒளிக்க நேரம் இல்லை. "வாங்கோ அண்ணை, தனிய வாறியளோ" என்று அவனே வந்து பக்கத்தில் நின்றான், ரயில் வந்ததும் பக்கத்திலேயே இருந்தான், முழங்கால் எப்படி என்று விசாரித்தான், கரிசனையா வேவா தெரியவில்லை. ரயில் ஸ்ட்ராட்ஃபோர்டில் வெளிச்சத்துக்கு வந்தபோது அம்பலவாணன் பொறுக்க முடியாமல், நீங்கள் உங்கள் பெடியன்களுக்குக் கொடுத்தது உண்மையா பொய்யா என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். "உண்மை" என்றான் கிறிஸ்துராஜா. "ரயில் காசும், விட்ட ஷிப்டுக்கு உரிய காசும். எழுதியும் வைச்சிருக்கிறம். கேட்டால் காட்டுவன்." பிறகு கொஞ்சம் தயங்கினான். "அண்ணை, நான் சொல்லுறனெண்டு குறை நினையாதேங்கோ. உங்கட சட்டப்படி பாக்க வெளிக்கிட்டால் முதல் தட்டுற கதவு உங்கட வீடாய்ப் போயிடும். அதுக்காகத்தான் நான் அண்டைக்கு வாய் திறக்கேல்லை." அவர் என்னவென்று கேட்பதற்குள் ரயில் நின்றது, இல்போர்ட், கூட்டத்தில் தேநீரோடு கடிக்க ரோல்ஸ் சொல்லிவைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் வருகிறேன் என்று அவன் இறங்கிப்போய்விட்டான்.

பொய். தந்திரம். எதிராளியைக் கூட்டத்துக்கு முன்பே குழப்பிவிடுகிற வேலை, வேறென்ன. என் வீட்டுக் கதவாம். என் வீட்டில் யார் இருக்கிறார்கள், நானும் கலாவதியும், நாங்கள் என்ன பந்தா அடிக்கிறோம்... செவன் கிங்ஸ் வந்தது, போனது, அம்பலவாணனுக்குப் போன ஜூலையின் மைதானம் கேட்காமலே கண்ணுக்குள் வந்தது, ஆட்டம் முடிந்து எல்லோரும் கொத்துரொட்டி விற்கிற வான் வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்க, வானுக்குப் பின்னால், எண்ணெய்க் கான்கள் அடுக்கியிருந்த இடத்தில், சண்முகராசா தர்சிகனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார், நன்றாக ஆடினாய் என்று சொல்கிறார் என்று நினைத்தார், பெருமையாகவும் இருந்தது. அதற்கு முந்திய ஜூலையும் அதே வானுக்குப் பின்னால்தான். காரில் வரும்போது வழி முழுக்கப் பேசாமல் வந்தவன் மைதானத்துக்குக் கிட்ட வந்ததும் கேட்டானே, "ஷண் அங்கிள் வாறாரோ அப்பா?" அப்பா படித்த பள்ளிக்கூடம் எப்படியிருக்கும் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. ஷண் அங்கிள் வருகிறாரா என்று இரண்டு வருடமும் கேட்டான். இது ஏன் அன்றைக்கு உறைக்கவில்லை? ஊர்ப் பிள்ளைகளின் மடியெல்லாம் தடவிப் பார்க்கிற மனிதனுக்குத் தன் பிள்ளையின் கிட் பை கண்ணுக்குத் தெரியவில்லையா? அப்படியென்றால் வந்தது பள்ளிக்கூடத்துக்காக இல்லை, அப்பாவுக்காகவும் இல்லை, கூலிக்கு வந்தான், அதைத்தான் நான் மண்டபத்தில் எழும்பி நின்று... அந்தப் பரிதாபப் பார்வை. குட்மேய்ஸில் இறங்கியவர் மேடையில் இருந்த வாங்கில் உட்கார்ந்துகொண்டார். அவமானத்தை விடவும் துக்கம்தான் பெரிதாக இருந்தது.

தர்சிகனின் எண்ணை அவர் கடைசியாக அழுத்தியது எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை, இப்போது அழுத்தினார். "அப்பா? என்ன, அம்மாவுக்கு ஏதும்...?" அவன் குரல் பதறியது, அப்பாவின் பெயர் கைப்பேசியில் வந்தால் பிள்ளைக்கு முதலில் வருகிற எண்ணம் அதுவா... அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றார். "ஒரு கேள்வி தம்பி. மறைக்காமல் சொல்லு. ஆலடிக்கு விளையாட நீ காசு வாங்கினியோ?" அந்தப் பக்கம் ஒரு சிறிய சிரிப்பு, கூச்சப்பட்ட சிரிப்பு. "வாட் டு யூ மீன் அப்பா, அது நீங்க அனுப்பினதுதானே?" அவர் கைப்பேசியைக் காதோடு அழுத்தினார். "ஷண் அங்கிள் என்வலப்பைத் தந்து இது கிளப்பின்ர காசில்லை, வீட்டில இருந்து வந்தது எண்டவர். நான் அம்மாவைக் கேட்டன். அம்மா சொன்னவா, அப்பாட்டை நேர கேக்காதை, அவர் கூச்சப்படுவார் எண்டு. அண்டைக்குக் குசினியில சொன்னீங்கதானே, என்ரை கையால தரமாட்டன் எண்டு... ஸோ, ஷண் அங்கிளின்ர கையால. கைவிசேஷமும் அப்பிடித்தானே தந்தீங்க, அம்மாவின்ர கையால. ஐ காட் இட், அப்பா." ஒரு ரயில் நிற்காமல் கடந்துபோனது, அது போகும் வரைக்கும் இருவரும் காத்திருந்தார்கள். "முதல் வருசம் நான் படிப்பை விட்டிட்டு வரத்தான் இருந்தன். ரூமுக்கு டெப்பாசிற் கட்டக் காசில்லை. அப்பத்தான் அது வந்தது. நீங்க விளங்கிக்கொண்டீங்க எண்டு... எனிவே. இந்த ஜூலையும் வாறன், என்ன? முழங்கால் பட்டி போடுறீங்களோ?" போடுகிறேன் என்றார், அது மட்டும் உண்மை. "தேங்க்ஸ் அப்பா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

இப்போது புரிந்தது அந்தத் தேங்க்ஸ். அம்பலவாணன் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை ஷிப்ட். ஊரில் இருக்கிற அந்தப் பாவப்பட்ட தம்பிக்காரன். கலாவதி, நீ... கோபம் வரவேண்டும், தேடினார், வரவில்லை, வந்தது வேறு என்னவோ. சரி, யோசி, கூட்டத்துக்கு நேரமாகிறது. என் தடை நிறைவேறினால் தர்சிகன் வெளியே, சண்முகராசா கொடுத்ததை லூக்காஸ்காரர் கண்ணால் கண்டிருக்கவேண்டும், ஜூலையும் போய்விடும். கிறிஸ்துராஜாவின் பலகை வந்தால் அதில் கொடுத்தவர் பெயரும் ஏறும், சண்முகராசா என்று போட்டால் பொய், கலாவதி என்று போட்டால் பிள்ளை பார்ப்பான். எழும்பி நின்று, ஐயாமாரே இது சங்கத்தின் காசில்லை, குடும்பத்துக் காசு, என் மனைவி உழைத்தது என்றால் ஆலடியும் தப்பும் பிள்ளையும் தப்புவான், ஆனால் இன்றைக்கே யாராவது வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அவன் அதை வாசிப்பான், இரண்டு வருடமாக அப்பா அனுப்பினார் என்று நம்பியிருந்த காசு அப்பா அனுப்பாத காசு என்று வாசிப்பான். இன்னும் ஒரு வழி இருக்கிறது. அது நான் கொடுத்த காசு. ஒரே ஒரு வசனம். தகப்பன் மகனுக்குக் காசு கொடுப்பதை எந்தச் சட்டம் தடுக்கும்? சண்முகராசா எதிர்பார்த்திருப்பதும் இதைத்தானோ, கலாவதியும் இதற்காகத்தான் சப்பாத்து மாட்டுகிற நேரம்... எல்லோருமாகச் சேர்ந்து என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்களா?

"அண்ணை, ஏன் இஞ்சை இருக்கிறியள்?" கிறிஸ்துராஜா இரண்டு கையிலும் ரோல்ஸ் பெட்டிகளோடு நின்றான், சுடச்சுட எண்ணெய் வாசம். அம்பலவாணன் வாங்கின் கைப்பிடியைப் பிடித்து எழும்பினார், ஒரு பெட்டியைத் தாரும் என்று வாங்கிக்கொண்டார். படியேறும்போது அந்த வசனத்தை உதட்டுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார், அது நான் குடுத்த காசு, எங்கேயாவது இடறும் என்று எதிர்பார்த்தார், இடறவில்லை, வருடக்கணக்காகச் சொல்லிப் பழகியது போல வந்தது. காசு வாங்கியவனை எல்லாம் தேடிக்கொண்டிருந்தேனே, தேங்க்ஸ் அப்பா என்று அவன் சொன்னதெல்லாம் யாருக்கு உரியது, அதையெல்லாம் யார் வாங்கி வைத்திருக்கிறார்கள்? திருப்பிக் கொடு என்று யாராவது கேட்டால் கொடுப்பேனா... முழங்கால் நோகவில்லை, பட்டி நல்ல பட்டிதான். "அண்ணை, வாக்கெடுப்பெண்டால் எந்தப் பக்கம் கை உயர்த்துவியள்?" என்று பின்னால் வந்த கிறிஸ்துராஜா கேட்டான். பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அம்பலவாணன் படியேறினார், வெறுமையாகிவிட்ட வலது கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.